‘புதிய பறவை’ நுவார் படமா? அதில் துரோகம் செய்தவர் யார்?

மயிலைத் திரைவட்டம் (கேள்வி):

மயிலாப்பூரில் நண்பர்கள் சிலர் கூடி, மாதந்தோறும் ஒரு பழைய படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஆற அமரப் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். காதல், கொலை, துரோகம் மூன்றும் பிரிக்க முடியாதபடி பின்னிய கதை ஒன்று வேண்டும் என்று சிலர் கேட்டதால், இம்முறை தாதா மிராசி இயக்கி 1964-இல் வெளிவந்த ‘புதிய பறவை’யை எடுத்துக்கொண்டோம். முடிவைத் தொடாமல் என் ஐயத்தைக் கேட்க வழியில்லை. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் செல்வந்தன் கோபால், உடன் பயணம் செய்யும் லதாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். லதாவும் அவள் தந்தை இராமதுரையும் ஊட்டியிலுள்ள அவனது மாளிகையில் விருந்தினராகத் தங்குகிறார்கள். இரயிலைக் கண்டால் கோபால் நிலைகுலைந்து போவதைக் கவனித்த லதா காரணம் கேட்கும்போது, மனைவி சித்ரா இரயிலில் அடிபட்டு மாண்ட கதையை அவன் சொல்கிறான். பிறகு இருவருக்கும் திருமணம் உறுதியாகும் வேளையில், இறந்ததாகச் சொல்லப்பட்ட சித்ராவே மாமா ஒருவருடன் வந்து நிற்கிறாள். அவள் சித்ரா அல்லள் என்று நிறுவ வேண்டுமானால், சித்ரா உண்மையில் எப்படி இறந்தாள் என்பதை அவன் சொல்லியாக வேண்டும். தான் அறைந்ததில்தான் அவள் இறந்தாள் என்றும், உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியவனும் தானே என்றும் அவன் ஒப்புக்கொண்ட பிறகே, வந்தவள் சித்ராவின் சாயல் கொண்ட வேறொருத்தி என்பதும், லதாவும் இராமதுரையும் காவல்துறையினர் என்பதும் தெரியவருகின்றன. கடமைக்காகத் தொடங்கிய பழக்கத்தில் தான் கொண்ட காதல் மட்டும் பொய்யன்று என்கிறாள் லதா.

எங்கள் கூட்டத்தில் இரண்டு கருத்து வேறுபாடுகள் எழுந்தன. நுவார் (இருண்ட மனநிலை கொண்ட குற்றக்கதைப் படவகை) என்றால் கருப்பு வெள்ளைப் படம், மழை பெய்யும் நகரத்துத் தெரு, பணத்தாசை பிடித்த பெண் ஆகியவை இருக்க வேண்டும் என்றும், ஈஸ்ட்மேன் வண்ணத்தில் ஊட்டியையும் பாடல்களையும் காட்டும் இந்தப் படத்தை அந்த வகையில் சேர்க்கலாகாது என்றும் ஒருவர் வாதிட்டார். அது ஒருபுறம் இருக்கட்டும். துரோகம் செய்தவர் யார் என்ற கேள்விக்கு, ஏறக்குறைய அனைவரும் லதாவின் பெயரைச் சொன்னதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கோபாலுக்காகக் கண் கலங்கியவர்கள் இருந்தார்கள்; இறந்துபோன சித்ராவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. படம் நம்மை அப்படிப் பார்க்க வைக்கிறதா, அல்லது நாம்தான் அப்படிப் பார்க்கப் பழகியிருக்கிறோமா?

பழைய சுவரொட்டி (மறுமொழி):

வணக்கம். முதல் ஐயத்தை விரைவில் முடித்துவிடலாம். நுவார் என்பது ஹாலிவுட் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரன்று. போர்க்காலத்தில் பிரான்சுக்கு வராமல் தடைபட்டிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-இல் ஒருசேர வந்து சேர்ந்தபோது, அவற்றில் பொதுவாகத் தென்பட்ட இருண்ட மனநிலைக்கு அங்குள்ள விமர்சகர்கள் இட்ட பெயர் அது. வண்ணம் அதற்குத் தடையும் அன்று. 1945-இல் வந்த ‘லீவ் ஹர் டு ஹெவன்’ டெக்னிகலர் படமாக இருந்தும் நுவார் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது.

‘புதிய பறவை’யை 1944-இல் பில்லி வைல்டர் இயக்கிய ‘டபுள் இன்டெம்னிட்டி’யோடு சேர்த்துப் பார்க்குமாறு உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அங்கே காப்பீட்டு முகவர் ஒருவனும் அவன் மையல் கொண்ட ஒரு மனைவியும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்று, அவன் ஓடும் இரயிலிலிருந்து விழுந்ததாகத் தோன்றும்படி உடலைத் தண்டவாளத்தில் போடுகிறார்கள். இரயில் விபத்தில் இறந்தால் காப்பீட்டுத் தொகை இரு மடங்கு கிடைக்கும் என்பதே அதன் காரணம். இங்கே கோபால் தண்டவாளத்தைத் தேடிப்போவது குடும்ப மானத்துக்காகவும் தன்னைக் காத்துக்கொள்வதற்காகவும். இரண்டு படங்களிலும் இரயில் கொலையை மறைக்கும் திரையாகிறது. இரண்டும் ஒப்புதல் வாக்குமூலத்தை முதுகெலும்பாகக் கொண்டவை. ஆனால் வைல்டர் அந்த வாக்குமூலத்தைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். பணத்துக்காகவும் பெண்ணுக்காகவும் கொன்றேன், இரண்டுமே கிடைக்கவில்லை என்று கொலையாளி ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து சொன்ன பிறகுதான் கதையே நகர்கிறது. கோபாலின் வாக்குமூலமோ கடைசியில் வருகிறது; அதற்கு முன் அவன் சொன்ன வேறொரு கதையை நாம் நம்பியிருக்கிறோம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். சித்ராவை நாம் அறிவதெல்லாம் கோபாலின் வாய்வழியாகத்தான். அவளுடைய குடி, நள்ளிரவு விருந்துகள், கணவனை மதிக்காத போக்கு ஆகிய அனைத்தும் அவன் நினைவுகூரும் காட்சிகளாகவே நமக்குக் காட்டப்படுகின்றன. சௌகார் ஜானகி எவ்வளவு உயிரோட்டமாக நடித்திருந்தாலும், அந்தச் சித்ரா கோபால் படைத்துக் காட்டும் சித்ரா. அவளுக்கென்று ஒரு சாட்சி படத்தில் இல்லை. இறந்தவளைப் பற்றிக் கொன்றவன் சொல்வது மட்டுமே நம்மிடம் உள்ள ஆவணம். உங்கள் கூட்டத்தில் அவளைப் பற்றி ஒருவரும் பேசாமல் போனதற்கு, படம் நம் காதில் ஒரு தரப்பை மட்டும் ஓதியிருப்பது முதற்காரணம்.

இனி லதாவுக்கு வருவோம். அமெரிக்க நுவாரில் ஆணை அழிக்கும் பெண் பெரும்பாலும் ஆசையின் பக்கம் நிற்பவள். தமிழில் அவள் பெரும்பாலும் அறத்தின் பக்கம் நிற்கிறாள். இது திரைப்படத்துக்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிய மரபு. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை என்றாலும், நீலகேசி உரையின் வழியாக அதன் கதை தெரியும். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனைக் கண்டு காதலுற்ற பத்திரை, தந்தையின் செல்வாக்கால் அவனை மீட்டு மணக்கிறாள். ஊடலில் விளையாட்டாக ‘நீ கள்வன்தானே’ என்று அவள் சொன்ன சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, அவளைக் கொல்வதற்காக மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான் அவன். இறக்குமுன் உன்னை மும்முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, வலம்வரும்போதே அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள் பத்திரை. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மந்திரி குமாரி’யாக எடுத்தது இந்தக் கதையைத்தான். அதில் கணவன் மனைவியைக் கொலைக்களத்துக்கு அழைத்துப் போகும்போது பாடுவது ‘வாராய் நீ வாராய்’ என்ற கொஞ்சும் பாட்டு. காதல் பாட்டின் வடிவில் கொலைத் திட்டத்தைச் சொன்ன அந்தக் காட்சியைக் காட்டிலும் நுவார் தன்மை மிக்கதொன்றைத் தமிழ்த் திரையில் நான் கண்டதில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘அந்த நாள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த அந்தப் பாடல் இல்லாத படம், 1943 அக்டோபரில் சென்னையின் மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாளை ஒட்டி நடக்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஐயம் ஒவ்வொருவர் மீதும் மாறி மாறிப் படிகிறது. கடைசியில், எதிரிக்கு நாட்டை விற்ற ராஜனின் உயிரைக் குடித்தது அவன் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி என்று தெரிகிறது. விசையை மனமறிந்து இழுத்தாளா என்பது வேறு கேள்வி. கணவனா நாடா என்ற இடத்தில் அவள் எந்தப் பக்கம் நின்றாள் என்பதில் ஐயமில்லை. பத்திரை தன் உயிருக்காக, உஷா நாட்டுக்காக, லதா சட்டத்துக்காக. மூவரும் காதலித்தவனையே வீழ்த்துகிறார்கள். மூவரில் எவரும் பணத்துக்காக அதைச் செய்யவில்லை.

ஆகையால் துரோகி யார் என்று கேட்டால், லதாவின் பெயரை நான் சொல்ல மாட்டேன். நம்மையும் சேர்த்து ஏமாற்றியவன் கோபால்தான்.

பாரிமுனை வழக்கறிஞர் (மறுமொழி):

பழைய சுவரொட்டி ஐயா அவர்களின் காப்பிய ஒப்பீட்டை மிகவும் இரசித்தேன். எனினும் லதாவைச் சட்டத்தின் பக்கம் நிற்பவள் என்று அவர் எழுதியதைத் தொழில்முறைப் பழக்கத்தால் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அவள் காவல்துறையின் பக்கம் நிற்கிறாள். காவல்துறையும் சட்டமும் ஒன்றல்ல.

அன்று நடப்பிலிருந்த 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவு, காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று சொல்கிறது. அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவோ, வேறு வகையில் ஏற்கத்தக்க வாக்குமூலம் ஏமாற்றிப் பெறப்பட்டது என்பதற்காக மட்டும் தள்ளுபடியாகிவிடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் படத்தின் உச்சக்காட்சி விசித்திரமாகிறது. லதா செய்த வஞ்சகம் சட்டத்துக்கு உறுத்தவில்லை. அவள் காவல் அதிகாரியாக இருப்பதுதான் உறுத்துகிறது. கோபால் மனமுடைந்து சொன்னதைக் காவல்துறையைச் சேராத ஒருவர் கேட்டுச் சாட்சி சொன்னாலொழிய, அல்லது குற்றவியல் நடுவர் முன் அவனே மறுபடியும் மனமுவந்து சொன்னாலொழிய, காதலை முதலீடாக்கி நடத்திய அந்த நாடகம் நீதிமன்றத்தில் அதிகம் உதவாது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய சட்டத்திலும் இந்த நிலை மாறவில்லை.

கொலை என்ற சொல்லையும் நாம் சற்று எளிதாகவே பயன்படுத்துகிறோம். சித்ராவின் இதயம் பலவீனமானது என்பதால் ஓர் அறையே அவள் உயிரைப் பறித்தது என்று கதை சொல்கிறது. அன்று நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவு, இதையொத்த ஒரு நிலைமையையே எடுத்துக்காட்டாகத் தந்தது. எதிரிலிருப்பவருக்கு நோய் உள்ளது, அடித்தால் இறக்கக்கூடும் என்று அறிந்தே அடித்தால் அது கொலை. அந்த நோயை அறியாமல், உடல்நலமுள்ளவரைக் கொல்லப் போதாத அடியை, கொல்லும் எண்ணமின்றிக் கொடுத்திருந்தால் அது கொலையாகாது. ஆக, மனைவியின் இதயநிலை கோபாலுக்கு முன்பே தெரியுமா என்ற ஒரே கேள்வியில்தான் வழக்கு நிற்கும். அதற்கும் அவன் வாய்ச்சொல்லைத் தவிர நம்மிடம் எதுவுமில்லை. உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியது தடயத்தை மறைத்த குற்றமாக 201-ஆவது பிரிவின்கீழ் வரும். அறையைக் காட்டிலும் அந்தச் செயல்தான் எனக்கு அவனை அடையாளம் காட்டுகிறது. அறைந்தது ஒரு நொடிச் சினம் என்று வைத்துக்கொண்டாலும், மனைவியின் உடலைத் தூக்கிச் சென்று இரயில் வரும் வழியில் வைப்பதற்கு நிதானம் வேண்டும்.

இறந்தவளின் நடத்தையை வைத்துக் கொன்றவனுக்கு இரங்குவது திரையரங்கில் மட்டும் நிகழ்வதன்று. 1952-இல் சென்னையையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கை எங்கள் வளாகத்தில் மூத்தவர்கள் இன்றும் எடுத்துச் சொல்வார்கள். பேனா வணிகரான அவருடைய தலையில்லா உடல் இராமேசுவரம் மார்க்கத்து இரயிலில் ஒரு பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. குற்றவாளிகளாகக் காணப்பட்ட கணவனுக்கும் மனைவிக்கும் நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் விதித்த தண்டனை முறையே 7 ஆண்டும் 3 ஆண்டும்தான். அந்த வழக்கிலும் ஊர்ப்பேச்சில் பெரிதும் அடிபட்டது, இறந்தவருடைய ஒழுக்கமே.

மயிலைத் திரைவட்டம்:

இருவருக்கும் நன்றி. சித்ராவுக்குச் சாட்சியே இல்லை என்ற கருத்தை எங்கள் கூட்டத்தில் அவசியம் முன்வைப்பேன். ஆனால் லதாவின் காதல் உண்மையானது என்று படம் சொல்வதை நீங்கள் இருவருமே தொடாமல் கடந்துவிட்டீர்கள். அது மெய்யென்றால் அவள் செய்தது தியாகம், பொய்யென்றால் துரோகம். அதை எதை வைத்து முடிவு செய்வது?

வடசென்னைக்காரர் (மறுமொழி):

அந்தக் கேள்விக்கு விடை லதாவாக நடித்த சரோஜாதேவி அவர்களின் குரலில் இருக்கிறது என்பது என் எண்ணம். ‘கோபால்’ என்று அவர் இழுத்துக் கூப்பிடும் விதத்தைப் பல்குரல் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மேடைகளில் நகைச்சுவையாக்கி வந்திருக்கிறார்கள். இன்று படத்தை முதன்முறை பார்க்கும் இளைஞர்கள், அந்த அழைப்பு வந்தவுடன் சிரித்துவிடுகிறார்கள். முடிவை அறிந்துகொண்டு படத்தை மறுபடி பாருங்கள். அளவுக்கு மீறிய அந்தக் குழைவு, காதலியாக நடிக்கும் ஒரு காவல் அதிகாரியின் குழைவாகக் கேட்கத் தொடங்கும். மிகை நடிப்பு என்று நாம் கேலி செய்தது, கதைக்குள்ளேயே ஒருத்தி நடிக்கும் நடிப்பு. இயக்குநர் அதை எண்ணிச் செய்தாரா, நடிகையின் இயல்பான பாணி தற்செயலாக அங்கே பொருந்திவிட்டதா என்று ஆராய எனக்கு விருப்பமில்லை. படத்தில் அது வேலை செய்கிறது, அது போதும். நடிப்பு எங்கே முடிந்து காதல் எங்கே தொடங்கியது என்பதை அந்தக் குரலிலிருந்து பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. லதாவாலும் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்தக் கதையின் மூலங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் 1958-ஆம் ஆண்டுப் பிரித்தானியப் படமான ‘சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ’வில், குற்றத்தை மறைப்பவள் ஒரு பெண், இறந்துபோன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து நிற்பதுதான் அங்கே பொறி. தமிழில் இறந்த மனைவியாக வருபவள் பொறியின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி காதலியாக ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து அமர்ந்திருக்கிறாள். வெளியிலிருந்து வருபவளை எதிர்த்துப் போராட கோபால் யாருடைய தோளில் சாய்கிறானோ, அவளே பொறியை வைத்தவள். ‘எங்கே நிம்மதி’ பாடலில் அவன் புலம்பிக்கொண்டு அலைவதைப் பார்க்கும்போது, நிம்மதி தரும் என்று அவன் நம்பிய இடம் எது என்பதை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

பழைய சுவரொட்டி ஐயாவிடம் ஒரு மறுப்பும் உண்டு. தமிழில் ஆணை வீழ்த்தும் பெண் அறத்தின் பக்கம் நிற்கிறாள் என்பதை ஒரு பெருமையைப் போல எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஒரு நிபந்தனையாகப் பார்க்கிறேன். கணவனையோ காதலனையோ வீழ்த்த வேண்டுமானால், அதற்கு நாடு, சட்டம், தற்காப்பு என்று ஏதாவதொரு அனுமதிச் சீட்டை அவள் காட்டியாக வேண்டும். தனக்காக மட்டும் அவள் அதைச் செய்ய முடியாது. சித்ராவைப் போலத் தன் விருப்பப்படி வாழ்ந்தவளுக்கு வாய்ப்பது தண்டவாளம். அந்த நிபந்தனையை உடைத்துப் பார்த்த படம் என்று நான் கருதுவது, வடசென்னையைக் களமாகக் கொண்டு 2011-இல் தியாகராஜன் குமாரராஜா இயக்கிய ‘ஆரண்ய காண்டம்’. ரவுடிக் கும்பலின் தலைவனான தாதா ஒருவனின் பிடியில் கிடக்கும் சுப்பு, அவனிடம் வேலை செய்யும் சப்பையோடு காதல் கொண்டு தப்பிக்கத் திட்டமிடுகிறாள். கடைசியில் சப்பையையும் சுட்டுவிட்டுப் பணத்தோடு தன் வழியில் போய்விடுகிறாள். அவளிடம் எந்த அனுமதிச் சீட்டும் இல்லை. படமும் அவளைத் தண்டிக்கவில்லை. அந்தக் காட்சிக்குத் திரையரங்கில் கைதட்டல் எழுந்ததை என் காதால் கேட்டேன். கோபாலுக்காக அழும் அதே ஊர்தான் அது.

பழைய சுவரொட்டி:

அனுமதிச் சீட்டு என்ற சொல் எனக்குத் தைத்தது, மறுக்கப் போவதில்லை. ஆனால் சுப்புவிடம் சீட்டே இல்லை என்பதை ஏற்க இயலவில்லை. தாதாவின் வீட்டில் அவள் படும் கொடுமைகளைப் படம் முதலிலேயே நமக்குக் காட்டிவிடுகிறது. அந்தக் காட்சிகள் இல்லாமல், நல்ல கணவனுக்கு வாய்த்த வசதியான மனைவியாக அவள் இருந்து, அதன்பின் சப்பையைச் சுட்டிருந்தால், அந்தக் கைதட்டல் எழுந்திருக்குமா?

மயிலைத் திரைவட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ‘அந்த நாள்’ படத்தைத் திரையிடுங்கள். அதில் ராஜனைப் பற்றி ஐயத்துக்குரியவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தரப்பிலிருந்து பேசுகிறார்கள். சித்ராவுக்குக் கிடைக்காத பல சாட்சிகள் அவனுக்குக் கிடைக்கிறார்கள். அப்படியிருந்தும் உங்கள் நண்பர்கள் யாருக்காகக் கண் கலங்குகிறார்கள் என்று பார்த்து, இங்கே வந்து எழுதுங்கள்.